வீட்டுக்காரர் இல்லை என்றேன்

கியூசிக்கின் அப்பாவுக்கு,

சோயாக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். நாலு மணிக்குத் தண்ணீர் ஃபில்டர் மாற்றும் பெண் வருவாள், கதவைத் திறந்துவிடுங்கள்.

நேற்று உங்கள் தூண்டில் கூட்டாளியின் எதிரில் கேட்டீர்களே: "நெஞ்சை உறைய வைக்கப் போறாங்களாமே? உன்னோடது உறைஞ்சு நாப்பது வருஷமாச்சே, கியூசிக் அம்மா!" அவர் சிரித்தார். நான் பேரிக்காய் நறுக்கிக் கொடுத்தேன்.

உறைய வைப்பது நெஞ்சை அல்ல. தொடை வழியாகக் குழாய் விட்டு, இதயத்தில் துடிப்பைக் கெடுக்கும் இடத்தை மட்டும். அது நாளைக் காலையில். அதன்பிறகு ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றக்கூட ஒருவர் வேண்டும்.

நர்ஸ் போனில் கேட்டாள், "துணைக்கு யாரும்மா வராங்க?"

"கீழ்வீட்டு ஓக்பூன்."

"வீட்டுக்காரர்?"

"இல்லம்மா."

"ஐயோ, மன்னிச்சிடுங்க. தெரியாம கேட்டுட்டேன்."

நான் திருத்தவில்லை. நாளை உங்களுக்கு மீன்பிடிப் போட்டி என்று சொல்வதைவிட அது மரியாதையாக இருந்தது. உங்கள் பித்தப்பை ஆபரேஷனுக்கு, நோயாளியின் காலடியில் போடும் அந்தத் தாழ்ந்த கட்டிலில் ஒன்பது நாள் படுத்தவள் நான். அங்கிருந்து பார்த்தால் உங்கள் குதிகால் மட்டும்தான் தெரியும்.

சாவி செருப்பு அலமாரியில்.

தூண்டில் புழுவை என் கிம்ச்சிப் பெட்டியில் வைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஆறாவது மாடி, பன்னிரண்டாம் அறை. வந்தால், உயிரோடு இருப்பதை அந்த நர்ஸிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.