பதினான்காம் எண் கல்

இன்று காலை முற்றத்தில் படங்குத் துணி விரித்து மிளகு காயப்போட்டேன். பத்து மணிக்கெல்லாம் நம் இரத்தோட்டை மலையில் மழை வந்துவிட்டது. படங்கை இழுத்துச் சுருட்டுவதற்குள் ஒரு மூலை நனைந்தே போயிற்று. நனைந்த படங்கின் மணம் எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. இதே படங்கில்தான் உன் கற்களையும் காயவைத்தேன். நீ கண்மூடி இரண்டு வருடமாகிறதடி, சிநேகிதி. மழை பெய்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

மாத்தளையில் உன் வாடகை அறையில்தான் அவற்றை முதலில் காட்டினாய். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை உனக்கு. நீண்ட லீவு கிடைத்தால் மற்றவர்கள் கோயில் குளம் என்று இந்தியாவுக்குப் போவார்கள்; நீ அரியலூர்ப் பக்கம் போய் வெயிலில் கல் பொறுக்கிக்கொண்டு வருவாய். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட இருபத்திரண்டு கற்கள். சாளக்கிராமம் என்று நினைத்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"அதுவும் இதே சாதிதான்டி. கும்பிட்டுக்கோ. பால் மட்டும் ஊத்திடாத, லேபல் போயிரும்."

அம்மோனைட் என்ற பெயரை அன்றுதான் கேட்டேன். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான கடல் உயிர், டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துபோனது என்றாய். காலத்துக்குக் காலம் அதன் ஓடு மாறிக்கொண்டே வந்ததாம். எந்த வகை ஓடு எந்தப் பாறைப் படிவில் கிடக்கிறது என்று தெரிந்தால் அந்தப் படிவின் வயதைச் சொல்லலாம், கடல் தாண்டி வேறொரு தேசத்துப் பாறையோடும் ஒப்பிடலாம். நம் மலையில் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டேன். "நம்ம கல்லு பூமிக்கு அடியில வெந்து நசுங்கி வந்த கல்லு. இதுல எதுவும் மிஞ்சாது" என்றாய்.

ஒவ்வொரு கல்லிலும் சோற்றுப்பசையால் ஒட்டிய காகிதத் துண்டு. அதில் எண். எண்ணுக்கான விவரம் உன் நோட்டில். "எடுத்த எடம் தெரியலன்னா இது வெறும் கல்லு. மசாலா அரைக்கக்கூட ஆகாது, மிளகு முதலாளி" என்று என்னைச் சீண்டினாய்.

சீனி வியாதியில் உன் கண் மங்கி, ஆஸ்பத்திரியில் படுத்தபோது அறைச் சாவியை என்னிடம் தந்தாய். போய்ப் பார்த்தால் கூரை ஒழுகி, கற்பெட்டி முழுக்கப் பூஞ்சணம். நான் வியாபாரக்காரி, அழுக்கோடு ஒரு சாக்கைக்கூடக் கடைக்கு வெளியே விடாதவள். கற்களையும் உன் நோட்டையும் வீட்டுக்கு அள்ளி வந்து, கற்களைப் பேசினில் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். பளிச்சென்று திருப்பிக் கொடுத்தால் மனம் குளிர்வாய் என்று நினைத்தேன். கற்களைப் படங்கில் பரப்பிவிட்டுத் திரும்பினால், பேசின் முழுக்கக் காகிதக் கூழ். பால் மட்டும் ஊத்திடாத என்று நீ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உன்னிடம் ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த வாரம் நீயே கேட்டாய். "வர்றப்ப பதினாலாம் நம்பர் கல்ல கொண்டு வாடி. என் பூட்டன் ஊரு வாய்க்கால்ல எடுத்தது. அங்க சொந்தம்னு யாரும் மிஞ்சல, அது ஒண்ணுதான் கெடச்சிச்சு."

நோட்டைத் திறந்து பார்த்திருக்கலாம். அதில் ஊர்ப் பெயர் மட்டும்தானே இருக்கும் என்று நானாக முடிவு கட்டினேன். உண்மையில் திறக்கவே பயம். இருந்ததிலேயே முழுசான, அழகான கல்லைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"லேபல் எங்கடி?"

"மழையில உரிஞ்சு போச்சு" என்று மழையின் மேல் பழியைப் போட்டேன்.

உன் கட்டைவிரல் கல்லின் விளிம்பைச் சுற்றிப் போயிற்று. மறுபடியும் ஒரு சுற்று. பிறகு நின்றது.

"பதினாலுதானே?"

"பதினாலுதான்."

"நீ கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும்" என்று கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டாய். மூன்றாம் நாள் போய்விட்டாய். உன் மூக்குக்கண்ணாடியோடு அந்தக் கல்லையும் ஒரு நர்ஸ் என் கையில் கொடுத்தாள்.

போன மாதம், கற்களைப் பற்றி உன் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு நிலவியல் விரிவுரையாளர் ஒருவர் வந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "நல்ல கல்லுங்க. ஆனா எது எங்க எடுத்ததுன்னு தெரியாம இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. நோட்ட பாத்துப் பிரிச்சு வைங்க, அடுத்த வாரம் வர்றேன்" என்றார்.

கல்லும் இருபத்திரண்டு, எண்ணும் இருபத்திரண்டு. தோன்றியபடி ஒட்டிவைத்தால் கேட்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். உன்னிடம் மறைக்க வேண்டாம். எண்களைப் பார்த்து எழுதத்தான் நோட்டை முதல் தடவையாகத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் இடமும் படிவும் மட்டுமே எழுதியிருந்தாய். பதினான்குக்கு மட்டும் இன்னும் ஒரு வரி: "வாய்ப்பக்கம் உடைந்தது. உடைவில் என் கட்டைவிரல் கச்சிதமாக உட்காரும்."

நீ அந்த உடைவைத்தான் தேடியிருக்கிறாய். நான் கொடுத்த கல்லில் உடைவே இல்லை. தெரிந்துகொண்டுதான் நெஞ்சில் வைத்துக்கொண்டாய். என்னைத் திட்டியிருக்கலாமே, பாவி! உன் பூட்டன் ஊர்க் கல் என் வீட்டுப் பெட்டியில்தான் கிடந்தது. தேடினேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்கு மட்டும் எண் எழுதி ஒட்டினேன். மற்றவற்றில், "எடுத்த இடம் தெரியாது. லேபலைக் கழுவியது நான்" என்று எழுதினேன். விரிவுரையாளர் ஒவ்வொரு கல்லாக எடுத்து வாசித்தார். "ஊகிச்சு எழுதாம விட்டீங்களே, அதுவே பெரிய காரியம். ஒரு தப்பான எடம் போதுங்க, பின்னால படிக்கிறவன் எல்லாம் தப்பா படிப்பான்" என்றார். பதினான்காம் எண்ணைத் தனியாகப் பஞ்சில் சுற்றினார். அது இனி அந்த வாய்க்கால் பாறையின் வயதைச் சொல்ல உதவுமாம்.

இருபத்தொரு கற்கள் அவரோடு போய்விட்டன. நீ கடைசியாகப் பிடித்திருந்ததை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மிளகு காயும் நேரங்களில் அது என் மடியில் இருக்கும். கட்டைவிரல் தானாக விளிம்பைச் சுற்றிப் போகும். பதினாலுதானே என்று நீ கேட்பாய்.

"இல்லடி. இது பதினாலு இல்ல" என்று ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்கிறேன்.