வனத்து அந்தோணியாரின் தங்கை

திண்டுக்கல்
13.01.2025

அன்புள்ள கிளாராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இரத்த அழுத்தம் நீங்கலாக. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அம்மா பாதியில் வாங்கிப் பேசிவிடுவாள், அதனால் எழுதுகிறேன்.

வருகிற பதினேழாம் தேதி வனத்து அந்தோணியார் திருவிழா. விழா மலருக்குப் புனிதரின் உண்மை வரலாறு வேண்டும் என்று கமிட்டித் தலைவர் பிராங்கிளின் கேட்டான், என்னிடம் சரித்திரம் படித்தவனாயிற்றே என்று நம்பி எழுதினேன். எகிப்தில் தாய் தகப்பனை இழந்த வாலிபர், நிலத்தை ஊருக்குக் கொடுத்தார், ஒரே தங்கையைக் கன்னியர் பொறுப்பில் விட்டுவிட்டு வனம் போனார், அங்கே பேய்களோடு போராடினார், தன் கல்லறை யாருக்கும் தெரியக் கூடாது என்று சொல்லி நூற்றைந்து வயதில் இறந்தார். தங்கையிடம் சம்மதம் கேட்டதாக எங்கும் இல்லை என்றும் நான்கு வரி சேர்த்தேன். படித்துவிட்டு, “ஏன் சார், இம்புட்டு எழுதியும் பன்னியக் காணோமே” என்றான். புனிதரின் காலடியில் நிற்கும் பன்றி பிற்காலத்தில் ஓவியர்கள் சேர்த்தது என்றேன். “சுரூபத்துல பன்னிதான சார் நிக்குது, தங்கச்சியா நிக்குது? அந்த நாலு வரிய எடுத்துட்டு பேய்ச் சண்டையக் கொஞ்சம் நீட்டுங்க” என்றான். நான் மறுத்தேன், அவனே நீட்டிக்கொண்டான். மலர் அச்சாகி வந்துவிட்டது. பேய்க்கு மூன்று பக்கம், பன்றிக்கு வண்ணப்படம், தங்கைக்கு ஒரு வரிகூட இல்லை. கீழே என் பெயர் மட்டும் பிழையில்லாமல் இருக்கிறது.

திருவிழாவுக்காக உன் அத்தை திருச்சி கன்னியர் மடத்திலிருந்து லீவில் வந்திருக்கிறாள். அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று, வெட்டிய நான்கு வரியையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “அவ பேரு என்னண்ணே” என்றாள். எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். “போகச் சொன்னப்ப அவ என்ன சொன்னாளாம்?” அதுவும் இல்லை என்றேன். “நான் டீச்சர் டிரெயினிங் போறேன்னு சொன்னேன். நீங்க மடத்துப் பாரத்துல கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தீங்க” என்று சொல்லிவிட்டு வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள். உன் தாத்தா இறந்த வருடம் அது, அவளுக்குப் பதினேழு வயது. நாற்பத்திரண்டு வருடமாக எனக்கு இது தோன்றவேயில்லை. பிராங்கிளின் மேல் இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், இப்போது அதற்கும் வழியில்லை.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர். காதை மூடாமல் வெளியே போகாதே. பதினெட்டாம் தேதி வரை அத்தை இங்கே இருப்பாள், ஞாபகமாக அவளிடம் பேசு. மடத்தில் வைத்த பெயரைச் சொல்லி சிஸ்டர் பெனடிக்டா என்று கூப்பிடாதே, சகாயராணி அத்தை என்று கூப்பிடு. அந்தப் பெயரைச் சொல்லி நான் இன்னும் கூப்பிடவில்லை.

உன் அப்பா,
அந்தோணி பாக்கியராஜ்