கூட்டலைத் தள்ளிப்போட்ட நிரல்

அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

என் நெற்றியில் மூன்று தையல்; பயப்படாதீர்கள். ஆஸ்பத்திரிகளின் கோடி வரிகள் கொண்ட கணக்குக் கோப்பை ஏற்றினால் கணினியின் நினைவகம் நிரம்பி எங்கள் நிரல் செத்துவிடும். அதைச் சரிசெய்தால்தான் எனக்குக் கோத்தன்பர்க்கில் வேலை நிலைக்கும். நேற்று மறுபடி செத்ததும், அந்த நிரலை ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் எழுதிய சக ஊழியர் உல்ஃப் நாற்காலியை என்மேல் வீசினார்.

"அடுப்படிக்காரி, உனக்கெதுக்குடி ஹாஸ்கெல்?" என்று கத்தினார்.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "உங்க நிரல், கூட்டலை அப்புறம் பாத்துக்கலாம்னு குவிச்சு வைக்குது. நான் வீட்டுக் கணக்குல ஒரு வரியைக் கூட்டிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்."

அப்படியே மாற்றினேன், கோப்பு முழுதும் ஓடியது.

போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஜெபத்தில் அவரை நேற்றே மன்னித்துவிட்டேன். கோபம் மனத்தில் குவியக் கூடாதே.

தையலை மறைக்கக் கம்பளித் தொப்பி அனுப்புங்கள். நீங்கள் பின்னியதே வேண்டும்.

டிராம் வந்துவிட்டது.

குன்வோர்