சுண்ணாம்புத் தண்ணீரில் ஊதிய மூச்சு

4-11-85, திங்கள்

விடாத மழை. மண்டியில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டுச் சீக்கிரமே வீடு. பத்தாவது படிக்கும் மகள் செல்வி கேட்டாள்: "நுரையீரல் எங்கப்பா இருக்கு?" எஸ்.எஸ்.எல்.சி. தவறினாலும் அப்பன் அல்லவா. தயங்காமல் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் தோசை கருகியது.

"மூச்சு உட்டா வயிறுதானே ஏறி எறங்குது?" - சமாளிப்பு.

"அது சரிதாம்ப்பா. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசை. அது கீழ எறங்குனா நெஞ்சுல எடம் பெருசாவுது, காத்து தானா உள்ள வருது."

பாதி மார்க்!

புதனன்று விழுப்புரத்தில் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி, செல்வி காட்டப் போவது மூச்சு. வானூர் அக்கா வேறு, தன் மகனுக்குச் செல்வியைக் கேட்கிறாள். பத்தாவதோடு நிறுத்த வேண்டுமாம், தீபாவளிக்குள் பதில் வேண்டுமாம். செல்விக்கோ பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் ஆசை. இரண்டு பேருக்கும் தலையாட்டி வைத்திருக்கிறேன்.

5, செவ்வாய்

வெற்றிலைச் சுண்ணாம்பு. சைக்கிள் பம்பு. ஸ்ட்ரா (சோடாக் கடையில் கெஞ்சி). சுண்ணாம்பைக் கரைத்து வைத்தோம். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி.

"தெளிவ மட்டும் வேற பாட்டில்ல ஊத்திக்கலாம்ப்பா."

"அடியில இருக்கறது வீணாப் பூடுமே. ஜாடியோட எடுத்துக்கினு போலாம்." மண்டிப் புத்தி.

6, புதன்

திண்டிவனத்தில் பஸ். கடைசி சீட்டு, ஜாடி மடியில், ரோடெல்லாம் பள்ளம். இறங்கிப் பார்த்தால் மொத்தமும் மோர். மூச்சு பட்டால் வெள்ளையாக வேண்டிய தண்ணீர், ஒருத்தரும் ஊதாமலே வெள்ளை! கண்டக்டர்: "இன்னா சார், செவுத்துக்கு அடிக்கவா?"

செல்வி திட்டவில்லை. "ஆட்டாத வைப்பா, தெளியும்." நடுவர்கள் மேசை மேசையாக வருகிறார்கள். ஜாடி பக்கத்தில் சிலையாக நான். பக்கத்து மேசை எரிமலைக்கு அவர்கள் வந்தபோதுதான் மேலே தெளிந்தது. மெல்ல இரண்டு கிளாஸில் ஊற்றினாள். ஒன்றில் பம்புக் காற்று. இன்னொன்றில் ஸ்ட்ரா வைத்து நான்.

பம்புக் கிளாஸ் அப்படியே. என் கிளாஸ் மெள்ள மெள்ளப் பால்! "ஏ, வந்துடுச்சு!" என்று கத்தியே விட்டேன்.

நடுவர் அம்மா: "ரெண்டும் காத்துதானேம்மா?"

"பம்பு வெளிக் காத்த அப்படியே தள்ளுது மேடம். அப்பா ஊதுனது நுரையீரல் போய் வந்த காத்து. உள்ள குட்டிக் குட்டிக் காத்துப் பைங்க. சுவரு வெங்காயச் சவ்வவிட மெல்லிசு, அந்தப் பக்கம் ரத்தம். ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போவுது, ரத்தம் கொண்டாந்த கார்பன் டை ஆக்சைடு பைக்கு வருது. அதுதான் இத வெள்ளையாக்குது."

எனக்குள் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல்! இத்தனை வருஷமாக, என்னை ஒரு வார்த்தை கேட்காமல்! இரண்டாம் பரிசு. முதல் பரிசு எரிமலைக்கு. போகட்டும், அதற்கு மூச்சு இல்லை.

7, வியாழன்

வெயில். அக்கா வந்துவிட்டாள். "மூச்சு உடறதப் படிச்சு இன்னாடா பண்ணப் போவுது? படிக்காமலே நாம உட்டுக்கினுதானே இருக்கோம்?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. செல்வி.

நான்: "பிளஸ் டூ முடியட்டும்க்கா. அதுவரைக்கும் அவ ஜாதகத்துல கல்யாண யோகம் இல்லியாம்."

"எவன்டா சொன்னது?"

"பெரிய ஜோசியரு."

ஜாதகத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. அக்கா முறைத்தபடி காப்பி குடித்தாள். பாத்திரச் சத்தம் மறுபடி, கொஞ்சம் பலமாகவே.

அக்காவிடம் சொல்லாதது: இவளை உன் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எனக்கு யார் சொல்லித் தருவது? நான் இப்போதுதான் நுரையீரல் வரைக்கும் வந்திருக்கிறேன்.