அடுத்த பல்

அஜின்கோர்ட், ரொறன்ரோ

அன்புள்ள பிரதீபா,

நான் நல்ல சுகம். உன் முதுகுவலி குறைந்ததா?

மேல்வீட்டுக் கோகுலன் அண்ணையின் மகளுக்குப் பல் விழுந்துவிட்டது. இங்கே பல்லைத் தலையணைக்குக் கீழே வைத்தால், இரவில் தேவதை வந்து காசு வைக்குமாம்.

"வகுப்பிலை மற்றப் பிள்ளையளுக்கு இருபது டொலராம். அஞ்சு காணுமோ?" என்று அண்ணை கேட்டார்.

எவ்வளவானாலும், தலையணையைத் தூக்கிக் காசை வைக்கப்போவது அவர். அவர்மேல் எனக்குப் பொறாமை.

நம் ஆரணியின் முதல் பல்லை, அணில் புதுப்பல் தரட்டும் என்று கூரைக்கு எறிந்தவன் உன் தம்பி. "மாமா எவ்வளவு உயர எறிஞ்சவர், பாத்தனீங்களே அப்பா?" என்று வீடியோவில் கேட்டாள். ஓம் என்றேன்.

யாராவது கனடா வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடு. ஆரணிக்கு அடுத்த பல் விழுந்தால் பஞ்சில் சுற்றி வை. தம்பியிடம் கொடுக்காதே.

பஸ் வருகிறது. எறிய நான் வரும்வரை அணில் பொறுக்கட்டும்.

உன்,
திலக்சன்