அரைமூட்டைக்கு ஒரு ஆசி

மார்ச் 4

என்னங்க,

நல்லா இருக்கீங்களா? போன் பண்ணினா உங்க உதவியாளர்தான் எடுக்கறார். "ஐயா பிரார்த்தனையில இருக்கார்மா"ங்கறார். நீங்களே எடுத்தாலும் நீங்க உபதேசம் பண்ணுவீங்க, நான் அழுவேன். அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

தங்கச்சிக்கு ரெண்டாவது ஆபரேஷனும் முடிஞ்சுது. இடது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. கண் முழிச்சதும் போர்வையைத் தூக்கிப் பாத்தா. திரும்ப மூடிட்டு, "கடைக்கு லீவு சொன்னியாக்கா?"ன்னு கேட்டா. கண்ணாடிக் கடை வேலை முடிஞ்சு, மார்க்கெட் நடைபாலத்து மேல வீட்டுக்கு வந்துட்டிருந்தவ. திறந்து ஒரு வருஷம்கூட ஆகாத பாலம், அப்படியே இடிஞ்சு விழுந்துடுச்சு.

இங்க ஆஸ்பத்திரி வராண்டா முழுக்க அந்தப் பழைய நகராட்சித் தலைவர் பேச்சுத்தான். ஒரு மூட்டை சிமெண்ட் போடற இடத்துல அரை மூட்டை போட்டுட்டு மிச்சத்தைத் தின்னுட்டாருன்னு, அவருக்கு "அரைமூட்டை"ன்னே பேர் வெச்சுட்டாங்க. கேஸும் போட்டிருக்காங்க. அப்படியும் தேர்தல்ல நிக்கறாராம். நம்ம பிரார்த்தனைக் கூடத்துக்கு வந்து உங்களைப் பாத்தாருன்னு ஒரு நர்ஸ் சொன்னாங்க. நிஜமா? வந்தவருக்குத் தண்ணி கொடுத்து அனுப்புங்க, தப்பில்ல. உங்க பக்கத்துல மேடையில மட்டும் ஏத்திடாதீங்க.

பிரஷர் மாத்திரையை மறந்துடாதீங்க.

உங்கள்,
வீட்டுக்காரி


மார்ச் 9

என் அன்பானவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் தங்கைக்காகத் தினமும் கூடத்தில் பிரார்த்தனை செய்கிறோம். அவளிடம் சொல்.

ஆமாம், அவர் வந்தார். உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒன்றை மட்டும் ஒளித்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் விடுதிக்கு அனுமதி இல்லை, இடிக்கப் போகிறோம் என்று நகராட்சியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏற்கெனவே உடைந்து போயிருப்பவளிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் இருந்துவிட்டேன். தாய் தகப்பன் இல்லாத இத்தனை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நான் எந்தத் தெருவில் நிற்பேன்?

அனுமதியை வாங்கித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். பதிலுக்குக் கேட்டது ஒரே ஒரு ஆசி, பொதுக்கூட்டத்தில். அவர் மேல் இருப்பது குற்றச்சாட்டுத்தானே, இன்னும் நிரூபணமாகவில்லை. தீர்ப்புச் சொல்ல நான் யார்? நாடி வந்து குனிகிறவன் தலையில் கை வைக்காமல் எப்படி அனுப்புவது?

விடுதிக் கடைக்குட்டி, "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டு, உன் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். சீக்கிரம் வந்துவிடு. சமையல்காரம்மா அள்ளிப் போடும் உப்பில் நான் ஊறுகாயாகிவிடுவேன் போலிருக்கிறது.

அன்புடன்,
நான்தான்


மார்ச் 17

என்னங்க,

பாத்தோம். வார்டுக்கு ஒரே டிவி, எல்லாக் கட்டிலும் அதைப் பாத்துத்தான் கிடக்கு.

தலையில கை வெச்சதோட விட்டிருக்கலாம். மைக்கைப் பிடிச்சு, "இவர் கை சுத்தமான கை, அதுக்கு நான் பொறுப்பு"ன்னுட்டீங்க. பக்கத்துக் கட்டில் அம்மா மகனை அந்தப் பாலத்துல பறிகொடுத்தவங்க. டிவியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "அது உங்க வீட்டுக்காரர் இல்ல?"ன்னாங்க. ஆமான்னேன். அதுக்கப்புறம் என் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கறதில்ல.

தங்கச்சி, "மாமா ரொம்ப இளைச்சுட்டாரேக்கா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுக்குப் பதிலா என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

நோட்டீஸ் விஷயத்தை அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் உங்களோட வந்து ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கியிருப்பேன். நாம கூப்பிட்டா ஊர்ல எத்தனை பேர் கூட வருவாங்க? பிள்ளைகளுக்குக் கூரை வேணும், நான் இல்லைங்கல. ஆனா நாளைக்கு அந்தக் கூரையையும் அவர்தானே போட்டுக் கொடுப்பார்?

உங்கள்,
வீட்டுக்காரி


மார்ச் 29

என் அன்பானவளுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, மறுபடியும் எழுதுகிறேன்.

பால விபத்து விசாரணையில் உன் தங்கை சாட்சி சொல்லப் போகிறாளாமே. அவர் வந்திருந்தார். அனுமதி தயாராக இருக்கிறதாம், கையெழுத்து ஒன்றுதான் பாக்கியாம். "இந்த நேரத்துல உங்க குடும்பத்துலேருந்தே ஒரு சாட்சி வந்தா எனக்கு எப்படிங்கய்யா இருக்கும்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

உன் தங்கையிடம் நீ பேசிப் பார். பொய் சொல்லச் சொல்லவில்லை. உடம்பு முடியவில்லை என்று தேர்தல் முடியும்வரை தள்ளிப் போட்டால் போதும். உடம்பு முடியாததும் உண்மைதானே.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதே. நேற்றுக் கூடத்தில், நான் பொறுப்பு என்று சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் மைக் முன்னால் போய் நின்றேன். முன்வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வாய் வரவில்லை. "எல்லாரும் அமைதியாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எல்லாரும் அமைதியாகத்தான் இருந்தார்கள்.

நீ வந்து பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

அன்புடன்,
நான்தான்


ஏப்ரல் 12

என்னங்க,

உங்க லெட்டரைத் தங்கச்சி படிச்சுக் காட்டச் சொன்னா. பாதியில நிறுத்திட்டு, "உன்னை உடம்பைப் பாத்துக்கச் சொல்லியிருக்கார்"னேன். இத்தனை வருஷத்துல உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய் அது. இன்னொண்ணு சொல்ல வராது.

நேத்து விசாரணைக்குப் போனோம். சக்கர நாற்காலியை நான்தான் தள்ளிட்டுப் போனேன். படி ஆடினது, கைப்பிடி கையோட வந்தது, பக்கத்துல பிடிச்சிருந்த பையனோட கை நழுவினது, எல்லாத்தையும் நிதானமாச் சொன்னா. அழல.

அந்த அரைமூட்டையோட வக்கீல் என் பக்கம் திரும்பினார். "இவங்க வீட்டுக்காரரே ஊரறிய நல்லவர்னு சொன்ன மனுஷர் மேலயா இந்தப் பழி? அப்போ உங்க வீட்டுக்காரர் பொய் சொன்னாருங்கறீங்களாம்மா?"ன்னார். பதில் சொல்ல வேண்டியதில்லைன்னு நீதிபதி சொன்னார். எனக்குத்தான் உக்கார முடியல.

"என் வீட்டுக்காரருக்கு அந்தப் பாலத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. இவளுக்குத் தெரியும். அதோட சேர்ந்து விழுந்தவ இவதான்"னேன்.

இதனால விடுதி அனுமதி நின்னு போகலாம். தெரிஞ்சேதான் பேசினேன், அதுல என் பங்கு என்னோடது. கண்ணாடிக் கடை முதலாளிக்கு ஒரு குடோன் காலியா இருக்காம். பிள்ளைகளைக் கொஞ்ச நாள் அங்க வெச்சுக்கலாமான்னு கேட்டிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னிருக்கார்.

நான் தங்கச்சி வீட்டுலயே இருந்துக்கறேன். கோபத்துல எழுதலைங்க. கோபம்னா நேர்ல வந்து ஒரு மூச்சு கத்திட்டு, உங்களுக்குச் சமைச்சும் வெச்சிருப்பேன்.

பிள்ளைகளைப் பாக்காம என்னால இருக்க முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை விடுதிக்கு வருவேன், பின்வாசல் வழியா. நீங்க கூடத்துல மைக் முன்னால பேசற நேரமாப் பாத்து வந்துட்டுப் போயிடறேன்.

இப்படிக்கு,
பிள்ளைகளோட அம்மா