சங்குப்பூத் துணியில் பச்சைக் கறை

கார்மண் நாட்டுக் கிணறுகள் ஊறுக. களங்கள் நிறைக. வழியில் இருப்போர் வீடு சேர்க.

வடகணவாய்க் கோட்டையில் படையோடு வீற்றிருக்கும் குதிரைக்கொடி வேந்தர், கார்மண் நாட்டுக் காவலர், சேந்தன்காரி மன்னர் திருமுன், அவர் இல்லாத காலத்தில் அரசிலச்சினை ஏந்தி நாடு காக்கும் தேவி இயக்கியார் நெடுங்குன்றை அரண்மனையிலிருந்து விடுக்கும் ஓலை. தங்களுக்கும் தங்கள் வீரர்க்கும், கணவாய்க் குளிரில் நிற்கும் குதிரைகளுக்கும் நலம் உண்டாகுக.

நாடு நலமே. கரிசல் எங்கும் கொண்டைக்கடலை பூத்து நிற்கிறது. மாலையில் செடிகள்மேல் வெள்ளைத் துணி விரித்து, இலைகளில் கசியும் புளிப்பைப் பனியோடு உறிஞ்சவிட்டு, விடியலில் பிழிந்தெடுக்கும் வேலை ஊர்தோறும் நடக்கிறது. மந்த வயிற்றுக்கு மருத்துவரும், செம்பு துலக்கக் கன்னாரும் வாங்கியது போக, மிச்சம் மடைப்பள்ளிக்கு வருகிறது. கீரைக் கடைசலில் இன்னும் ஒரு கரண்டி புளிப்பு விடச் சொல்லும் குரல் இல்லாததால் கடைசல் இப்போது எல்லாருக்கும் பொருந்தும்படி இருக்கிறது. எனக்கு மட்டும் பொருந்தவில்லை.

இனிப் பொருளுக்கு வருகிறேன். போர் முடிந்தது என்றும், மாற்றரசர் தம் தங்கையைத் தங்களுக்கு மணமுடித்து உறவாட விரும்புகிறார் என்றும் செய்தி வந்தது. நான் கேள்வி எதுவும் எழுதவில்லை. நம் நாட்டுப் பெண்கள் செய்வதுபோல், சங்குப்பூச் சாற்றில் தோய்த்த நீலத் துணியும் ஒரு குப்பி கடலைப் புளிப்பும் அனுப்பினேன். புளிப்புச் சொட்டு பட்டு நீலம் சிவந்தால் வருகிறேன் என்று பொருள். சுண்ணாம்பு பட்டுப் பச்சையானால் காத்திருக்க வேண்டாம் என்று பொருள். எழுத்தறியாத உழவரும் பிழையின்றி விடை சொல்ல ஏற்பட்ட வழக்கு இது.

துணி பச்சையாகத் திரும்பியது.

மறுநாள் காலையில் அமைச்சரை அழைத்து இலச்சினையை ஒப்படைக்கவும், என் தமையனார் ஊருக்குச் செல்லவும் முடிவு செய்தேன். பெட்டியில் சேலை அடுக்கிக்கொண்டிருந்த தோழி காத்தாயி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், பொறுத்தருள்க: “அம்மா, பச்சையைச் சுத்திச் சிவப்பா கரை ஓடுது பாருங்க! ராசா வெத்தலைக் கையோட எதைத்தான் தொடாம விட்டாரு? கல்யாணத்தன்னிக்கு உங்க கன்னத்துலயே இந்தச் சுண்ணாம்பு விரலு பதிஞ்சு கெடக்கலியா?”

அரண்மனை மருத்துவர் இரண்டு புதுத் துணிகளில் சோதித்தார். முதலில் சுண்ணாம்பு தொட்டு, பிறகு புளிப்பு விட்டதில் பச்சைக்கு நடுவே சிவப்பு நின்றது. முதலில் புளிப்பு விட்டு, பிறகு சுண்ணாம்பு விரல் வைத்ததில், சிவப்புக் கரை சூழப் பச்சை வந்தது. தங்கள் துணி இரண்டாவதைப் போன்றது. ஆகவே தாங்கள் முதலில் வருகிறேன் என்றது உறுதி. பின்னர் மனம் மாறிச் சுண்ணாம்பு இட்டீர்களா, வெற்றிலை மடித்த விரலால் துணியை மடித்தீர்களா என்பதைச் சொல்லத் தம் கலையில் வழியில்லை என்று மருத்துவர் தலை குனிந்தார்.

என்னிடமும் வழியில்லை. அந்தச் சிவப்புக் கரை நூலிழை அகலம்கூட இல்லை. பெட்டியை மூடாமலும் பிரிக்காமலும் அந்த இழையைப் பார்த்தபடி இருக்கிறேன்.

ஆதலால் ஆணையிடுகிறோம். இலச்சினை எம் கையில் இருப்பதால் இது தேவியின் வேண்டுகோள் அன்று, நாட்டின் சொல். கடலை காய் முற்றினால் இலையில் புளிப்பு வற்றும். அதற்குமுன் மன்னர் நெடுங்குன்றை வந்து சேர்க. மற்றொரு துணி அனுப்பவில்லை. தாங்கள் துணியில் விடை சொல்லும் திறம் கண்டோம். வருகிறேன் என்பது விடையானால் வந்து நிற்பதே போதும். மற்றதானால், அதையும் என் முகம் பார்த்துச் சொல்க. இலச்சினையை அமைச்சரிடம் அல்ல, தங்கள் கையிலேயே தருவேன்.

சுண்ணாம்புச் சிமிழைக் கணவாயிலேயே விட்டு வருக.

ஓலையில் கீறியதை அழிக்க இயலாது. ஆகவே கீழே திருத்துகிறேன். சிமிழைக் கொண்டே வருக. கன்னத்தில் படும் கறைக்கு இங்கே புளிப்பு எடுத்து வைத்திருக்கிறேன்.

குதிரை இலச்சினை இட்டோம். இது ஆணை.